போகும்போது நன்றாக ஓடிய எஞ்சின், திரும்பும்போது மூச்சு வாங்குகிறது. என்ன பார்க்கலாம்?

அலைமேல்:
வணக்கம். நண்பரின் சொந்தப் படகில் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போயிருந்தோம். ஒற்றை அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்), பெட்ரோல், டேங்க் தளத்துக்கு அடியில். போகும்போது 4000 ஆர்பிஎம்மில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் காலை முழுக்க 7 நாட் வேகத்தில் ட்ரோலிங் (தூண்டிலைப் பின்னால் இழுத்தபடி மெதுவாக ஓட்டுவது), அதிலும் சிக்கல் இல்லை. சூரை நன்றாகவே கடித்தது. வீடு திரும்பலாம் என்று த்ராட்டிலைத் தள்ளினால், கொஞ்ச நேரம் ஏறி, பிறகு 2500க்கு விழுகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. கடைசியில் ட்ரோலிங் வேகத்திலேயே உருட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் கரை சேர்ந்தோம். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

தூண்டில்முள்:
ஸ்பார்க் பிளக் மாற்றிப் பாருங்கள் ப்ரோ. எனக்கு அதில்தான் சரியானது.

பழைய மெக்கானிக்:
பிளக் போயிருந்தால் மெதுவாக ஓடும்போதும் ஏதாவது காட்டியிருக்கும். இது எரிபொருள் போதாத எஞ்சின் மாதிரி இருக்கிறது. சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்திருந்தால் அலாரம் அடித்திருக்கும். குளிரூட்டும் நீர் பீச்சுவது சரியாக இருந்ததா?

அதைவிட முக்கியம்: ஆர்பிஎம் விழுந்த நேரத்தில், பெட்ரோல் குழாயில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் பல்பை யாராவது தொட்டுப் பார்த்தீர்களா? அது எப்படி இருந்தது?

அலைமேல்:
நீர் நன்றாகவே பீச்சியது அண்ணா. பல்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அமுக்கியதும் எஞ்சின் எழும்பியது. அப்புறம் பல்பு சப்பையாக ஒட்டிப்போனது, கையை எடுத்தாலும் உப்பவில்லை. வேகத்தைக் குறைத்ததும் மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்கு வந்தது.

பழைய மெக்கானிக்:
பாதி வேலை முடிந்தது. பல்பு சப்பையானால், எஞ்சின் இழுக்கிறது, டேங்க் கொடுக்கவில்லை. அதாவது அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில், அல்லது டேங்கிலேயே. பல்பு கல் போல இறுகியிருந்தும் எஞ்சின் தவித்தால்தான் எஞ்சின் பக்கத்து ஃபில்டரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

உப்புக்காற்று:
டேங்கிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் ஆன்ட்டி சைஃபன் வால்வு என்று ஒன்று இருக்கும், ஸ்பிரிங் வைத்த சின்ன குண்டு. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் செய்யும். கழற்றி எறிந்துவிடுங்கள், தொல்லை விட்டது.

பழைய மெக்கானிக்:
எறியக் கூடாது! குழாய் எங்காவது பிய்ந்தால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் முழுவதும் படகின் அடித்தளத்தில் வடியாமல் தடுப்பதே அந்த வால்வுதான். பழுதானால் புதிது போடுங்கள். எப்படியும் இங்கே எனக்கு அதன்மேல் சந்தேகம் குறைவு. வால்வு ஒட்டியிருந்தால் போகும்போதே 4000இல் காட்டிக்கொடுத்திருக்கும். டேங்குக்குள் ஏதாவது குப்பை இடம்பெயர்ந்து உறிஞ்சும் வாயில் ஒட்டியிருக்கலாம், அதையும் ஒதுக்க முடியாது. ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: போனதற்கும் வந்ததற்கும் இடையில் படகில் என்ன மாறியது? கரைக்கு வந்து பெட்ரோல் நிரப்பும்போது மூடியைத் திறந்ததும் ஏதாவது சத்தம்?

அலைமேல்:
நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது. மூடியைத் திருகியதும் 'புஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. நிரப்பும்போதும் பெட்ரோல் அடிக்கடி வாய்வழியே திருப்பிக் கக்கியது. மாறியது என்றால்... மீன் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று பைகளையெல்லாம் பக்கவாட்டு அறைக்குள் திணித்தோம்.

பழைய மெக்கானிக்:
டேங்கின் காற்றுக்குழாய் அந்த அறை வழியாகத்தான் போகிறது என்று நினைக்கிறேன். போய்ப் பாருங்கள். பெட்ரோல் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் நகராது. மெதுவாக ஓடும்போது செலவு குறைவு, நசுங்கிய குழாயில் கசியும் காற்றே போதும். அதனால்தான் ட்ரோலிங் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தீர்கள்.

உப்புக்காற்று:
கடலிலேயே மூடியைத் தளர்த்திப் பார்த்திருக்கலாமோ?

பழைய மெக்கானிக்:
அதுதான் மிகச் சுலபமான சோதனை. தளர்த்தியதும் எஞ்சின் தெளிந்தால் காற்றுக்குழாய்தான் குற்றவாளி. ஆனால் அலை அடித்தால் உப்புநீர் உள்ளே போகும், பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

அலைமேல்:
பார்த்தாயிற்று! உயிர்காப்புக் கவசங்கள் அடைத்த பெரிய பை ஒன்று குழாயை வளைத்து மடக்கியிருக்கிறது. மடிந்த இடத்தில் ரப்பரில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. பையை எடுத்துவிட்டுப் பாதுகாப்பான நீரில் ஓட்டிப் பார்த்தோம், 4000இல் அசையாமல் நிற்கிறது. குழாயை மாற்ற வேண்டுமா அண்ணா?

பழைய மெக்கானிக்:
மாற்றுங்கள். ஒருமுறை மடிந்த குழாய் அதே இடத்தில் மறுபடி மடியும். உள்ளே கம்பிச்சுருள் வைத்த எரிபொருள் குழாயாக வாங்குங்கள். டேங்கிலிருந்து மேல்நோக்கியே போகவேண்டும், நடுவில் தொங்கல் விட்டால் அங்கே பெட்ரோல் தேங்கி அதுவே அடைப்பாகும். வெளியே இருக்கும் காற்றுத் துளையில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். நீர்பிரிக்கும் ஃபில்டரையும் கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும்.

அப்புறம், உயிர்காப்புக் கவசம் அந்த அறையின் அடியில் என்றால் அவசரத்துக்கு எப்படி எடுப்பீர்கள்? எஞ்சின் ஒழுங்காக இருந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

தூண்டில்முள்:
ஒரே எஞ்சின் என்றால் பெட்ரோல் கணக்கு எப்படி வைக்கிறீர்கள்?

அலைமேல்:
போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு தொடவே மாட்டோம். வீஎச்எஃப் ரேடியோ எப்போதும் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் இருக்கும். கவசங்களை இனி ஆளுக்கொன்று மாட்டிவிட்டே கிளம்புகிறோம், அறையில் இடமும் மிச்சம்.