மறு: சூரியன் எழும் இடம் நகரும் கோணத்துக்குச் சொல் – ‘எழுவொதுக்கம்’

அனைவருக்கும் வணக்கம். சூரியன் எழும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ தள்ளி நிற்கும் கோணத்துக்கு நான் முன்வைத்த சொல் ‘எழுவொதுக்கம்’. அதற்கு வந்த மறுமொழி:

> ‘உதய விலகல்’ என்றே வைக்கலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும் என்பதே என் கவலை. ‘ஒளிவிலகல்’ பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல். அடிவானத்தில் அந்த ஒளிவிலகல்தான் சூரியனை ஏறத்தாழ அரை பாகை உயர்த்திக் காட்டுகிறது. ‘உதய விலகல்’ என்றதும் மாணவர் அதைத்தான் நினைப்பார். ‘உதய வீச்சு’ என்று வைத்தாலும் இயற்பியலின் அலைவீச்சோடு மோதும். ஆங்கிலத்தில் இந்தக் கோணம், அலைவீச்சு இரண்டுமே ஆம்ப்ளிடியூட். அந்தக் குழப்பத்தையும் நாம் சேர்த்து வாங்க வேண்டாம்.

பெங்களூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஓராண்டாகப் பார்த்துவருகிறேன். மார்ச் மாதக் கடைசியில், எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியருகே எழுந்த சூரியன் நாளுக்குத் தன் அகலத்தில் முக்கால் பங்கு வடக்கே தள்ளிப்போனது. ஜூன் 21-ஐ ஒட்டிய பத்து நாளும் செல்போன் கோபுரத்தை விட்டு அசைந்ததாகவே தெரியவில்லை. அங்கே கோணம் கிழக்கிலிருந்து 24 பாகை. டிசம்பரில் தெற்கே அதே 24. கையை நீட்டி முஷ்டியால் அளந்தால், இரு முனைக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து முஷ்டி. சென்னையும் இதே அகலாங்கு என்பதால் அங்கும் இதே அளவுதான்; டெல்லியில் 27 பாகைக்குப் போகும்.

சொல் எனக்குக் கிடைத்தது அம்மாவிடமிருந்து. “சித்திரை பாதியிலேயே வெயில் வடக்கே ஒதுங்கிடுதுப்பா, இந்த பால்கனியில வடாம் எங்க காயும்?” என்றார். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை இங்கே உச்சிவெயிலும் வடக்கேதான் நிற்கும். அம்மா சொன்னது கணக்குப் பிசகாத உண்மை.

‘ஒதுக்கம்’ இயற்பியலிலும் புதிதல்ல. காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து பக்கவாட்டில் தள்ளி நிற்கும் கோணத்தைக் ‘காந்த ஒதுக்கம்’ என்றுதான் படித்தோம். இதுவும் அதே வகைக் கோணம். வடக்குக்குப் பதில் கிழக்கு, அவ்வளவே. எழுஞாயிறு, படுஞாயிறு என்ற பழைய இணையிலிருந்து முன்பாதியை எடுத்தால் உதயத்துக்கு எழுவொதுக்கம், மறைவுக்குப் படுவொதுக்கம். பெங்களூர் கவிபுரம் கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் மகர சங்கராந்தி மாலை வெயில் லிங்கத்தின் மேல் விழுவதை விளக்கும்போது இரண்டாவது சொல் உடனே கைகொடுக்கும். அந்நாள் படுவொதுக்கம் மேற்கிலிருந்து தெற்கே 22 பாகை. நவம்பர் கடைசியிலும் அதே அளவு திரும்ப வருகிறது.

‘கதிரொதுக்கம்’ என்று முந்தைய மடலில் வந்தது அழகான சொல். ஆனாலும் சூரியனை மட்டும் கட்டிப்போடும் சொல் வேண்டாம் என்பேன். 2025-ஐ ஒட்டி நிலவு இங்கே 29 பாகைவரை ஒதுங்கி எழுந்தது. அதற்கும் அகத்தியன் என்ற விண்மீனுக்கும் எழுவொதுக்கம் அப்படியே பொருந்தும்.