வீரனின் பெயர் பழம்பொரி

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஞாயிறுதோறும் ஐவர் கூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிறோம். அரசன் கொலையுண்டு அவையே துயரில் உறைந்திருந்த கட்டத்தில், புதிதாகச் சேர்ந்த நண்பர் தம் வீரனைப் 'பழம்பொரி' (வாழைப்பழ பஜ்ஜி) என்று அறிமுகப்படுத்த, அனைவரும் சிரித்துவிட்டோம். கதையை நடத்தும் நான் இப்பெயரைத் தடுக்கலாமா?

மறுமொழி (செங்கோட்டை): வேண்டாம். 1974இல் வெளியான அவ்விளையாட்டின் புகழ்பெற்ற மந்திரவாதியான டிராமிஜின் பெயர், ஜிம் வார்டு என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கியதுதான். 'மெல்ஃப்' என்ற இன்னொரு பாத்திரத்தின் பெயரோ, ஆண் என்பதற்கான ஆங்கில முதலெழுத்தோடு எல்ஃப் என்னும் இனப்பெயர் ஒட்டிக்கொண்டதால் பிறந்தது. பழகினால் எதுவும் பெயர்தான்.

மறுமொழி (குமுளி): பழகும்; ஆனால் 'பழம்பொரி வீரமரணம் எய்தினான்' என்று ஒருநாள் நீங்களே சொல்ல நேருமே! இயற்பெயர் ஒன்றை வைத்துவிட்டு, இதைப் பட்டப்பெயராக்கிவிடுங்கள்.

கேட்டவர்: பேசினேன். 'பழம்பொரியன்' என்று மாற்றியிருக்கிறார். குறுநில மன்னன் பெயர்போல் ஒலிக்கிறதாம்.