முறைகேட்டை எழுதிக் கொடுத்த காவலரை மருத்துவ விடுப்பில் போகச் சொல்கிறார்கள்: கையெழுத்திடலாமா?

கேள்வி: தேவிப்பட்டினம் வாசகி

என் தம்பி 9 ஆண்டுகளாகக் காவல்துறையில் இருக்கிறான். கடைசியாக ராமநாதபுரம் கடலோரத்தில் உள்ள ஒரு நிலையத்தில் பணியாற்றினான். அதன் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, கரையோரம் நின்ற வண்டி ஒன்றில், பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை பிடிபட்டது. நீல நிறப் பிளாஸ்டிக் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கித் தராசில் வைத்தவன் என் தம்பிதான். கேன்கள் 7 இருந்தன. மாலையில் அவன் பார்த்தபோது, பறிமுதல் விவரம் எழுதும் மகஜரில் 5 என்று எழுதியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவியும் அந்த வாடை போகவில்லை. சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்துவிட்டான்.

மறுவாரம் நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான். 12-ஆம் நாள் ஆயுதப்படைக்கு மாற்றல் வந்தது. பிறகு ஒரு மெமோ வந்தது: நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை அணிவகுப்புக்குத் தாமதமாக வந்தானாம். கூட வேலை பார்த்தவர்கள் இப்போது அவனோடு தேநீர் குடிக்கக்கூட வருவதில்லை. குடிக்கவே தெரியாதவனைக் குடிகாரன் என்று ஊருக்குள் பேச வைத்திருக்கிறார்கள். இப்போது, "மன அழுத்தம் இருக்கிறது என்று நீயே எழுதிக் கொடுத்து மருத்துவ விடுப்பில் போய்விடு, மெமோவை முடித்துவிடலாம்" என்று அன்பாகச் சொல்கிறார்களாம். அம்மா போகச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், ராமேசுவரம்

அம்மா, கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உண்மையாகவே உடம்புக்கு முடியவில்லை என்றால் அரசு மருத்துவரைத் தானே போய்ப் பார்த்து, அவர் எழுதித் தருவதை வைத்து விடுப்பு எடுக்கட்டும். பிறர் சொல்லிக் கொடுத்த வாசகத்தைத் தன் கைப்பட எழுதித் தருவது வேறு. நாளைக்கு அவன் சாட்சி சொல்லப் போகும்போது, "இவரே தமக்கு மனநிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தவர்தான்" என்று அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

நான் பல ஆண்டுகள் நிலைய எழுத்தராக இருந்தவன். உண்மையைச் சொன்னான் என்பதற்காக ஒருவனைத் தண்டித்ததாக எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. தாமதம், தொப்பி இல்லை, பாராவில் உறங்கினான், மேலதிகாரியிடம் குரலை உயர்த்தினான் என்றுதான் எழுதியிருக்கும். அவற்றில் சில மெமோக்களை எழுதியது என் கை. எங்களோடு இருந்த ஒருவர், அடிபட்டவரின் காயத்தைப் பொது நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரே ஆண்டில் மூன்று மெமோ, ஊதிய உயர்வு நிறுத்தம், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து வெகுதூரத்துக்கு மாற்றல் என்று அவரை அலைக்கழித்தார்கள். அவர் பக்கம் நியாயம் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை; இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது தேதிகளைக் காப்பாற்றுவது. பதிவுத் தபாலின் ரசீது, ஒப்புகை அட்டை, மாற்றல் உத்தரவு, மெமோவைக் கையில் வாங்கிய நாள் ஆகியவற்றை நகலெடுத்து வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் வைக்கட்டும். மெமோ, காவலர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 3(ஏ) பிரிவிலா 3(பி) பிரிவிலா வந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னது சிறு தண்டனைக்கானது. பின்னது வாய்மொழி விசாரணை நடத்தி வேலையையே பறிக்கக்கூடியது. எதுவாக இருந்தாலும், குற்றச்சாட்டுக்கு ஆதாரமான அணிவகுப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு எழுதிவிட்டுத்தான் விளக்கம் கொடுக்க வேண்டும். கெடுவைத் தவறவிடக் கூடாது.

பதில்: வழக்குரைஞர், ராமநாதபுரம்

ஐயா சொன்னதோடு சட்ட நிலையைச் சேர்க்கிறேன். முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு மே 9-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கொடுத்தார். ஆனால் அது நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்கவே இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தை நம்பி ஒரு காவலர் எங்கும் போய் நிற்க முடியாது. மறுபுறம், காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடு இருக்கிறது. அனுமதியின்றிப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும் காவலரை 2 ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப அதில் வழியுண்டு. வாட்ஸ்அப்பில் காணொளி போடலாமா என்று தம்பி நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில், அங்கே காவலர்கள் அடித்த தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்கே போனார். இருவரையும் விடிய விடிய அடித்ததையும், மேசையிலும் லத்திகளிலும் இரத்தக் கறை இருப்பதையும் தலைமைக் காவலர் ரேவதி அவரிடம் சொன்னார். சொல்லிவிட்டும் கையெழுத்திட அஞ்சினார்; வெளியே சக காவலர்கள் கூடி நின்று சத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நடுவரின் அறிக்கையே கூறுகிறது. நிலையத்தின் கேமராப் பதிவுகளோ அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்த நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்கவும், அந்த அம்மாவின் வீட்டுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அவருடைய சொல் துறைக்குள்ளேயே மேலே ஏறிக்கொண்டிருந்தால் வழியிலேயே நின்றிருக்கும், துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அதை எழுதி வாங்கியதால்தான் நிலைத்தது.

உங்கள் தம்பிக்கும் வெளியே ஒரு வாசல் உண்டு. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அச்சட்டத்தின் 50(8) பிரிவின்படி, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலர் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். தான் எண்ணிய கேன்களின் கணக்கை அங்கே எழுத்தில் கொடுக்கட்டும். மெமோவை ரத்து செய்யக் கோரி மதுரைக் கிளைக்குப் போகலாம் என்றாலும், மெமோ நிலையிலேயே நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்நோக்கத்தைக் காட்ட வேண்டும். புகார் போன 12-ஆம் நாள் மாற்றல் என்ற தேதிக்கணக்கு அதற்குப் பெரிதும் உதவும்.

பதில்: பாம்பன் ஆசிரியர்

மருத்துவ விடுப்பு என்றதும் எனக்கு நியூயார்க் காவலர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் நினைவுக்கு வந்தார். குற்றப் புகார்களைக் குறைத்துக் காட்டும்படி தம் நிலையத்தில் சொல்லப்படுவதை அவர் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். 2009 அக்டோபர் 31 இரவு மேலதிகாரிகள் அவருடைய வீட்டுக்குள் வந்து, அவரைக் கொண்டுபோய் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். 6 நாள்கள் அங்கே வைத்திருந்தார்கள். அறையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ஒலிப்பதிவுக் கருவி அந்த இரவு முழுவதையும் பதிவு செய்திருந்தது. 2015-இல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அயர்லாந்தில் மோரிஸ் மெக்கேப் என்ற சார்ஜென்ட், போக்குவரத்துத் தண்டனைப் புள்ளிகள் முறைகேடாக நீக்கப்படுவதைச் சொன்னார். அவர்மீது குழந்தைக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்ற பொய்ப்பழி பரப்பப்பட்டது. அதில் அன்றைய காவல் ஆணையருக்கே பங்கு இருந்ததை 2018-இல் விசாரணைத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. குடிகாரன் என்று உங்கள் தம்பியைச் சொல்வதும் அந்த வகைதான். அந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் வெட்கப்பட வேண்டாம், அக்கா. ஊரில் யார் கேட்டாலும், நடந்ததை நிமிர்ந்து சொல்லுங்கள்.

மறுபதில்: தேவிப்பட்டினம் வாசகி

உங்கள் மூவருக்கும் நன்றி. இரவு தம்பியிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சாத்தான்குளத்து அம்மா கையெழுத்திட அஞ்சினார் என்ற இடத்தில், மறுபடியும் படிக்கச் சொன்னான். மெமோ 3(ஏ) பிரிவில்தான் வந்திருக்கிறது. விளக்கம் கொடுக்க இன்னும் 8 நாள் இருக்கிறது. அணிவகுப்புப் பதிவேட்டின் நகல் கேட்டு இன்று காலை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டான். வனத்துறைக்கான கடிதத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான். மன அழுத்தம் என்று தட்டச்சு செய்து அவன் கையில் கொடுத்திருந்த தாளைக் கிழிக்கப் போனான். நான் வாங்கி, ரசீதுகளோடு சேர்த்து அம்மாவின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.