கூடைப்பந்து ஆடியே பில்லியன் சம்பாதிக்கலாம் என்கிறான் மகன். உண்மை என்ன?

செந்தூல் அம்மா:
வணக்கம். மகனுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிந்து ஷா ஆலம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இடம் கிடைத்திருக்கிறது. அதே நேரம் ஒரு கூடைப்பந்து கிளப், மாத அலவன்ஸ் தருகிறோம், முழு நேரமாக வா என்று கூப்பிடுகிறது. சீனப் பள்ளியில் படித்தவன், சின்ன வயதிலிருந்து கோர்ட்டில்தான் வளர்ந்தான், நன்றாகவே ஆடுகிறான். இப்போது படிப்பு வேண்டாம் என்கிறான். "மைக்கேல் ஜோர்டானுக்கு எத்தனை பில்லியன் தெரியுமா?" என்று போனை நீட்டுகிறான். அவன் ஆசையை மிதிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பணமெல்லாம் ஆடி வந்ததா? அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் கடைக்காரர்:
தங்கச்சி, பினாங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எண்பதுகளிலிருந்து என்பிஏ என்றால் எனக்கு உயிர்.

ஜோர்டான் 15 சீசன் ஆடி வாங்கிய மொத்தச் சம்பளம் சுமார் 94 மில்லியன் டாலர். பெரிய காசுதான், ஆனால் பில்லியன் இல்லை. மற்றதில் பெரும்பகுதி 1984இல் நைக்கியோடு போட்ட காலணி ஒப்பந்தத்திலிருந்தும், 2010இல் சார்லட் அணியை வாங்கி 2023இல் பெரும்பங்கை விற்றதிலிருந்தும் வந்தது. விற்றபோது அணியின் மதிப்பு 3 பில்லியன். அவரை வைத்து யாரும் கணக்குப் போடக் கூடாது. அப்படி ஒருவர்தான்.

உங்கள் பையன் படிக்க வேண்டியது ஜூனியர் பிரிட்ஜ்மேனைப் பற்றி. 1975இல் லேக்கர்ஸ் அணி அவரை எடுத்த கையோடு, நட்சத்திர ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜபாரைப் பெறுவதற்காக மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டது. 12 சீசன் ஆடினார், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக, பெஞ்சிலிருந்து எழுந்து வந்துதான். ஒரு வருஷத்துக்கு அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளமே சுமார் 350,000 டாலர். 2025 மார்ச்சில் 71 வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஃபோர்ப்ஸ் அவர் சொத்தை 1.4 பில்லியன் என்று மதிப்பிட்டிருந்தது.

எல்லாம் வெண்டீஸ் பர்கர் கடையில் தொடங்கியது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஆட்டமில்லாத மாதங்களில் கடைக்குள் போய் வேலை பழகினார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான். சாப்பாட்டுக் கடையில் லாபம் காசு காசாகத்தான் வரும். கோழி விலை ஏறினாலோ, வெள்ளிக்கிழமை மதியம் ஓர் ஆள் வராமல் போனாலோ, சமைத்தது மீந்து கொட்டப்பட்டாலோ எங்கே கசிகிறது என்று அடுப்படியில் நின்றவனுக்குத்தான் தெரியும். பணத்தைப் போட்டுவிட்டு மேனேஜரிடம் விட்டவன் ஆறு மாதம் கழித்துத்தான் கேள்விப்படுவான், அதற்குள் கடை போய்விடும். பிரிட்ஜ்மேன் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்டீஸ் கடைகளும் சில்லீஸ் உணவகங்களும் வைத்திருந்தார். 2016இல் அவற்றை விற்றுவிட்டு, அடுத்த வருஷம் கோகோ கோலா பாட்டிலிங் தொழிலுக்குப் போனார். 2024இல் தான் ஆடிய அதே மில்வாக்கி பக்ஸ் அணியில் 10 விழுக்காடு பங்கு வாங்கினார்! லூயிவில் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துவிட்டுத்தான் என்பிஏவுக்கு வந்தார் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

அன்டுவான் வாக்கர் பெயரையும் தேடச் சொல்லுங்கள். சம்பளமாக மட்டும் 100 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கியவர், 2006இல் மியாமி அணியோடு என்பிஏ சாம்பியன். நிலத்திலும் வீடுகளிலும் போட்ட பணம் சந்தை விழுந்தபோது போனது, கடனுக்கு அவரே ஜாமீன் நின்றிருந்தார். 2010இல் திவால் மனு. அதற்குப் பிறகு இளம் ஆட்டக்காரர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசப் போனார், அது பெரிய மனசு.

முன்னாள் பாயிண்ட் கார்டு, செராஸ்:
அக்கா, அண்ணன் சொன்னது அமெரிக்காவில் நடந்தது. நம் மலேசியாவில், ஆட்டங்களை ஒளிபரப்ப டிவிக்காரர்கள் தரும் உரிமைக் காசு என்று ஒன்று கிளப் ஆட்டக்காரன் கைக்கு வராது. எனக்கு முட்டியில் தசைநார் கிழிந்தது. அந்த மாதமே அலவன்ஸ் நின்றது. கிளப் பெயர் வேண்டாம். காயத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, அறுவைச் சிகிச்சைக்கு அப்பாதான் கட்டினார்.

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: இது சம்பளமா, அலவன்ஸா? இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுவார்களா? முறையாக வேலைக்கு எடுத்தால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான மாதச் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் போட வேண்டும். வெறும் அலவன்ஸ் என்றால் அது பெரும்பாலும் வராது. எத்தனை மாத ஒப்பந்தம், காயம்பட்டால் யார் செலவு, ஆடாத மாதத்துக்குப் பணம் உண்டா, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

செந்தூல் அம்மா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிரிட்ஜ்மேனைப் பற்றி வாசித்துக் காட்டினேன். "அவரும் ஆடினார்தானே, நானும் ஆடுகிறேன்" என்கிறான். பாலிடெக்னிக்கில் சேர்ந்துகொண்டே கிளப்பில் ஆட முடியுமா?

ஜெலுத்தோங் கடைக்காரர்:
ஆடட்டும் தங்கச்சி, தடுக்காதீர்கள். அந்த வயதில் உடம்பு தருவது அப்புறம் கிடைக்காது. ஆனால் இன்னொன்றும் சொல்லுங்கள். பிரிட்ஜ்மேன் 1985 முதல் 1988 வரை என்பிஏ ஆட்டக்காரர் சங்கத் தலைவராகவும் இருந்தார். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். தம்பி செராஸ் சொன்ன கேள்விகளை அம்மா கேட்க வேண்டாம், பையனே போய்க் கேட்கட்டும்.

முன்னாள் பாயிண்ட் கார்டு, செராஸ்:
முடியும் அக்கா. என்னோடு ஆடியவர்களில் படித்துக்கொண்டே ஆடியவர்கள் இருந்தார்கள், பயிற்சி இரவில்தான் இருந்தது. "முழு நேரம்" என்பதை எடுத்துவிட்டு, வகுப்பும் பரீட்சையும் உள்ள நாட்களில் விடுப்பு உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். அலவன்ஸ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தாள் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள், நான் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்.