மறு: எஸ்எஸ்எச் கலைச்சொற்கள் – ‘பொதுச்சாவி’ வேண்டாம், ‘பூட்டு’ என்போம்

> எஸ்எஸ்எச் என்பதை ‘பாதுகாப்பான ஓடு’ என்றும், அதில் வரும் இரண்டு கீயையும் பொதுச்சாவி, தனிச்சாவி என்றும் எழுதலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அண்ணா, எஸ்எஸ்எச் (செக்யூர் ஷெல்) என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி. முதலில் ‘ஓடு’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். இயங்குதளத்தின் கருவான கெர்னலைச் சுற்றியிருக்கும் மேலோடு என்ற பொருளில்தான் ஷெல் என்று பெயர் வைத்தார்கள். அந்த வகையில் ஓடு சரிதான். ஆனால் கட்டளை அடிக்கிற இடத்தில் ‘ஓடு’ என்று எழுதினால், படிப்பவர் ‘ரன்’ என்றே எடுத்துக்கொள்வார். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அங்கே வலையமைப்பை ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதால்தான். அதற்கு முன் புழங்கிய டெல்நெட் கடவுச்சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிடும். ஆகவே காப்புதான் இதன் உயிர். ‘காப்பு முனையம்’ என்பது என் பரிந்துரை. டெர்மினலுக்கு முனையம் ஏற்கெனவே புழங்குகிறது. காப்பு, செடல் திருவிழா நடக்கிற எங்கள் பக்கத்தில் விளக்கமே தேவைப்படாத சொல்.

எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது: கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் இரண்டு கீ கோப்புகளுக்கு, அதாவது வழங்கியில் (சர்வரில்) ஏற்றும் பப்ளிக் கீக்கும் நம்மிடமே இருக்கும் பிரைவேட் கீக்கும், என்ன பெயர்?

நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர், அக்காவின் தையல் கடைக்குத் தளம் நடத்துகிறார். கேச் கோப்புகள் குவிந்து ஹோஸ்டிங் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. ஃபைல் மேனேஜரில் அந்த அடைவைத் திறந்தாலே பக்கம் உறைந்து நின்றது. காப்பு முனையத்தில் ஒரு வரியில் முடிகிற வேலை. “ரெண்டு சாவி உருவாகும்பா, பொதுச்சாவிய எனக்கு அனுப்பு, ஏத்திடறேன்” என்று போனில் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. ஐந்து கோடு போட்டு, ‘பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ’ என்று தொடங்கியது! யாருக்கும் கொடுக்கக் கூடாத தனிச்சாவி அது.

“நீங்கதானண்ணா சாவி கேட்டீங்க? இன்னொண்ணு ஏதோ ‘.பப்’னு இருக்கு, தொறக்கவே மாட்டேங்குது” என்றார்.

அவர் மேல் தவறே இல்லை. சாவி என்றால் கதவைத் திறப்பது. கேட்டதும் அதைத்தான் கொடுத்தார். அந்த ஜோடியை அழிக்கச் சொல்லிவிட்டு மறுபடி விளக்கினேன்: “ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்ட அனுப்பு. சாவி உன் கம்ப்யூட்டர விட்டு எங்கயும் போகக் கூடாது.” சரியான கோப்பு வந்தது. ஒரே நீள வரி, ‘எஸ்எஸ்எச்-இடி25519’ என்ற தொடக்கம். அதுதான் பப்ளிக் கீ.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக விளங்கிற்று. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் கீயை இம்போர்ட் செய்தால் போதாது, தனியாக ஆத்தரைஸ் செய்ய வேண்டும். பலர் திண்டாடும் இடம் இது. “பூட்ட திண்ணையில வெச்சா ஆச்சா, கதவுல மாட்ட வேணாமா?” என்றதும் புரிந்துகொண்டார். அக்காவும் நுழைய வேண்டுமா? அவருக்குத் தனிப் பூட்டு மாட்டலாம். எதைத் திறந்தாலும் கதவு திறக்கும். ஒருவர் விலகினால் அவருடைய பூட்டை மட்டும் கழற்றினால் போதும்.

> கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் பப்ளிக் கீதானே? பூட்டு அங்கே இடிக்குமே.

புதுச்சேரித் தோழி சொல்வது உண்மை. எஸ்எஸ்எச்சுக்குள் நடப்பதும் அதுதான்: நம் கணினி பிரைவேட் கீயால் கையொப்பமிடுகிறது, வழங்கி பப்ளிக் கீயால் சரிபார்க்கிறது, பிரைவேட் கீ வலையில் பயணிப்பதே இல்லை. மறையியல் (கிரிப்டோகிராஃபி) பாடநூலில் பப்ளிக் கீக்குப் ‘பொதுத் திறவி’ இருக்கட்டும். ஆனால் தளம் நடத்துகிறவர் எந்தக் கோப்பைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று பெயரைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

கீயை அடையாளம் காட்டும் ஃபிங்கர்பிரின்டுக்குக் கைரேகை, பிரைவேட் கீயைக் காக்கும் பாஸ்ஃபிரேசுக்குக் கடவுத்தொடர் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

நம் வழிகாட்டியின் வரைவில் கீ பற்றிய வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘பூட்டை ஏற்றுங்கள். சாவியை யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவிக்கு வருகிறவர் கேட்டாலும்.’ வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்