காரணி தெரியாமலேயே ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவுவது எப்படி? (2⁶⁷ − 1 குறித்து)

கேள்வி

2⁶⁷ − 1 என்பது 147573952589676412927 என்னும் 21 இலக்க எண். 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் இது பகா எண்ணாக இடம்பெற்றது; 1876-இல் எதுவார் லூக்கா இது பகு எண் என்று நிறுவினார்; ஆயினும் இதன் காரணிகளை 1903-இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் அறிவித்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் ஒரு காரணிகூடத் தெரியாத நிலையில், இது பகா எண் அன்று என எவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிந்தது?

மறுமொழி 1

பகா எண்கள் அனைத்தும் தவறாமல் நிறைவு செய்யும் நிபந்தனை ஒன்றை ஓர் எண் மீறினால், அதன் காரணிகளைத் தேடாமலேயே அது பகு எண் என்பது உறுதியாகிவிடும். லூக்கா கையாண்டது இவ்வகை நிபந்தனையே. அதை இன்று வழங்கும் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் லேமர்.

2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களுக்கான சோதனை இது: 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2-இன் அடுக்கு (2⁶⁷-இல் 67) ஓர் ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய்தபின் மீதி 0 ஆனால் மட்டுமே அது பகா எண். 2⁵ − 1 = 31-க்கு 4, 14, 8, 0 என முடிகிறது. 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது; ஆகவே 23 × 89 என்று தெரியாவிட்டாலும் அது பகு எண்தான். 2⁶⁷ − 1-க்கு 65 படிகள் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (p ஒற்றைப் பகா எண்ணானால், 2-இன் (p − 1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1) 2-ஐ அடிமானமாகக் கொண்டு பயன்படுத்தினாலே போதாதா?

மறுமொழி 2

இங்கே அது பயன்படாது. இவ்வெண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் 2⁶⁷ − 2 வருகிறது; 67 பகா எண் ஆதலால், அதே தேற்றத்தின்படி இது 67-ஆல் மீதியின்றி வகுபடும். 2⁶⁷-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதால், 2-இன் (2⁶⁷ − 2)-ஆம் அடுக்குக்கும் மீதி 1-தான். பகு எண்ணாக இருந்தும் இது அச்சோதனையில் தேறிவிடுகிறது. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்கள் (2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருபவை) அனைத்துக்கும் இந்நிலை பொருந்தும்.

மறுமொழி 3

காரணிகளைப் பற்றியும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்த எண்ணின் அழகு அங்கேதான் இருக்கிறது. இதன் எந்தப் பகாக் காரணியை எடுத்துக்கொண்டாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 134-இன் மடங்காக இருக்கும். மேலும், 2⁶⁸ ஒரு முழு வர்க்கம். அக்காரணியால் வகுக்கும்போது அது 2-ஐயே மீதியாகத் தருவதால், அக்காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இவ்விரு நிபந்தனைகளையும் சேர்த்தால், 134-ஐப் பெருக்கும் எண்ணை 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 ஆக இருக்க வேண்டும்.

கோல் கண்ட காரணிகள் 193707721, 761838257287. இரண்டுமே பகா எண்கள். முதலாவது 134 × 14,45,580 + 1. பெருக்கும் எண் 4-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இரண்டாவது 134 × 568,53,60,129 + 1. அங்கே மீதி 1. இந்த வடிகட்டலுக்குப் பின்னரும், சிறிய காரணியை எட்டும்வரை 7,22,790 எண்கள் எஞ்சுகின்றன. அவற்றுள் பகு எண்களை நீக்கினாலும், கையால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு.