வெண்கலக் கைக்கடிகாரம்: அணிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் டியூடர் நிறுவனத்தின் பிளாக் பே ஃபிப்டி எயிட் பிரான்ஸ் என்ற வெண்கலக் கைக்கடிகாரத்தை வாங்கலாமா என்று மூன்று மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

2021-இல் வந்த, 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாடல் அது. முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும். 200 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது. இயந்திரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் உலோகத்தைப் பற்றித்தான். செம்பும் அலுமினியமும் கலந்த வெண்கலம், அணிய அணியக் கறுக்கும். ஒரு கடையில், ஒருவர் அணிந்து பழகிய கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியைச் சுற்றிய வளையம் பழைய குத்துவிளக்கின் தண்டு போல அடர்பழுப்பாக இருந்தது. பட்டை சேரும் இடுக்கில் மட்டும் மெல்லிய பச்சைக் களிம்பு. அந்த அழகில்தான் மனம் விழுந்துவிட்டது.

பின்மூடி எஃகு என்பதால் அந்த இடத்தில் தோலில் பச்சை படியாது. ஆனால் சங்கிலிப் பட்டையும் வெண்கலமாயிற்றே! சென்னை வெயிலில், நெரிசலான பஸ்ஸில் வியர்த்து வழியும் கையில் அது என்ன ஆகும்? கூடவே தரும் துணிப் பட்டைக்கு மாறிவிடுவது நல்லதா? அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது போல, இதையும் துலக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்களா? கறுத்த பிறகு விற்கப் போனவர்களுக்கு விலை எவ்வளவு இறங்கியது?

ஓராண்டாவது தினமும் அணிந்தவர்களின் பதில்தான் எனக்கு வேண்டும். படம் இருந்தால் போடுங்கள், முக்கியமாகப் பட்டையின் உட்புறத்தை. அடுத்த மாதம் முன்பணம் கட்ட வேண்டும்.